பிளேடா, கிராவிட்டியா? இரண்டு கண்ட்ரோல் டென்னிஸ் மட்டைகளை ஒப்பிடும் முறை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம் முடிந்து கோர்ட் ஓரத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும் எங்கள் குழுவில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியை எடுப்பார்: “பிளேடு வாங்கலாமா, கிராவிட்டி வாங்கலாமா?” கேட்பவர் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் ஆடியவராக இருப்பார். முதல் மட்டை கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது. இப்போது கை நன்றாக வீசத் தொடங்கிவிட்டது, பந்து கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனைத் தாண்டிப் போய் விழுகிறது. “கண்ட்ரோல் மட்டைக்கு மாறு” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் இரண்டு மட்டைகளின் எண்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. ஆனால் அந்த எண் கோர்ட்டில் என்னவாக மாறும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். உதாரணத்துக்கு வில்சன் நிறுவனத்தின் பிளேடு 98 மட்டையையும் ஹெட் நிறுவனத்தின் கிராவிட்டி ப்ரோ மட்டையையும் எடுத்துக்கொள்வோம். பிளேடு 98 இரண்டு ஸ்ட்ரிங் (இழை) அமைப்புகளில் வருகிறது. நான் பேசப்போவது 16க்கு 19 அமைப்பு, 2021-இல் வந்த எட்டாம் பதிப்பு. இரண்டு மட்டைகளையும் பல வாரம் மாற்றி மாற்றி ஆடியிருக்கிறேன். ஒப்பிடும்போது ஒரு பெரிய தவறும் செய்தேன், அது பின்னால் வருகிறது.

கண்ட்ரோல் என்றால் என்ன

டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம் வரை. அது ஸ்ட்ரிங் மேல் தங்கியிருக்கும் நேரம் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அதற்குள் மூன்று காரியம் நடக்கிறது: பந்து நசுங்குகிறது, ஸ்ட்ரிங் பின்னால் இழுபடுகிறது, ஃபிரேம் லேசாக வளைகிறது. இழுபட்ட ஸ்ட்ரிங் தான் வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைப் பந்துக்கே திருப்பித் தந்துவிடும். ஃபிரேம் அப்படியில்லை. அது வளைந்து நிமிர்வதற்குள் பந்து கிளம்பிப் போய்விடும். ஃபிரேம் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு வேகம் பந்துக்குக் கிடைக்காமல் போகிறது.

பாபோலாட் ப்யூர் டிரைவ் போன்ற பவர் மட்டையின் ஃபிரேமைப் பக்கவாட்டில் பாருங்கள். 23 மில்லிமீட்டரில் தொடங்கி நடுவில் 26 வரை தடித்து மறுபடி 23-க்கு வரும். அந்தத் தடிமன் வளையாது, அதனால் பந்து பறக்கும். பிளேடின் ஃபிரேம் மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக 21 மி.மீ. கிராவிட்டி ப்ரோ இன்னும் மெல்லியது, 20 மி.மீ. இவை வளைந்து கொடுக்கும். வேகத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். பதிலுக்கு, கையைப் பிடித்து வைக்காமல் முழுவதுமாக வீசலாம், பந்து உள்ளே விழும். அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, ஒரே மாதிரி வீசினால் ஒரே மாதிரி போய் விழுவது. பேஸ்லைனிலிருந்து ஆடுகிற ஒருவருக்கு கண்ட்ரோல் என்ற சொல்லின் பொருள் இதுதான்.

இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் வீச்சு இன்னும் குட்டையாக இருந்தால், பந்து வலையில் விழுவதுதான் பிரச்சினை என்றால், இந்த இரண்டு மட்டையும் உங்களுக்கு இப்போது வேண்டாம். பந்து வலைக்கும் பேஸ்லைனுக்கும் நடுவிலுள்ள சர்வீஸ் கோட்டுக்குள்ளேயே விழும், எதிராளி முன்னால் வந்து அடித்துவிட்டுப் போவார். இன்னும் ஒரு வருடம் இருக்கிற மட்டையிலேயே ஆடுங்கள்.

எண்களைப் படிப்பது

இரண்டின் கணக்கையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பிளேடு: தலை 98 சதுர அங்குலம், ஸ்ட்ரிங் இல்லாமல் 305 கிராம், பேலன்ஸ் (மட்டை சாயாமல் நிற்கும் புள்ளி, அடியிலிருந்து அளந்தது) 320 மி.மீ., ஸ்ட்ரிங் 16க்கு 19. கிராவிட்டி ப்ரோ: தலை 100 சதுர அங்குலம், 315 கிராம், பேலன்ஸ் 315 மி.மீ., ஸ்ட்ரிங் 18க்கு 20. நீளம் இரண்டுக்கும் வழக்கமான 27 அங்குலம்தான்.

எல்லோருடைய கண்ணும் முதலில் தலையின் அளவில்தான் போய் நிற்கும். 98-க்கும் 100-க்கும் இடையே பரப்பில் இரண்டு சதவீதம்தான் வித்தியாசம். நீளத்தில் அளந்தால் மூன்று மில்லிமீட்டர் வரலாம். “தலை சின்னதாக இருந்தால்தான் கண்ட்ரோல்” என்பது பீட் சாம்ப்ராஸ் 85 சதுர அங்குல மட்டையை வைத்துக்கொண்டு ஆடிய காலத்துப் பேச்சு. ஃபெடரரே 90 சதுர அங்குலத்தை விட்டுவிட்டு 2014-இல் 97-க்கு மாறினார், அதன் பிறகும் கிராண்ட் ஸ்லாம் வென்றார். இந்த இரண்டு மட்டைக்கு நடுவில் தலையின் அளவை வைத்து முடிவெடுக்க வேண்டாம். தலையின் வடிவம் வேண்டுமானால் கவனிக்கத் தக்கது: கிராவிட்டியின் தலை மேற்பக்கம் அகன்று உருண்டையாக இருக்கும், அதனால் கொஞ்சம் மேலே பட்ட பந்தும் கையை உதறாமல் போகும்.

உண்மையான வித்தியாசம் ஸ்ட்ரிங் அமைப்பில் இருக்கிறது. 16க்கு 19 என்றால் நெடுக்கே 16 இழை, குறுக்கே 19 இழை. ஃபிரேமை ஒட்டிய ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் விழும் கட்டங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள்: பிளேடில் 15 பெருக்கல் 18, அதாவது 270 கட்டம். கிராவிட்டி ப்ரோவில் 17 பெருக்கல் 19, அதாவது 323. தலை கொஞ்சம் பெரிதாக இருந்தும் ஐம்பதுக்கு மேல் கட்டம் கூடுதல். சுண்டுவிரல் நுனியைக் கட்டத்தில் வைத்து அழுத்தினால் இந்த வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

டாப்ஸ்பின், அதாவது பந்தை முன்பக்கமாகச் சுழலவிட்டு, அடிக்கும்போது மட்டை கீழிருந்து மேலே போகிறது. பந்து பட்டதும் நெடுக்கு இழைகள் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து, பந்து விலகும் நேரத்தில் பழைய இடத்துக்கு வெடுக்கென்று திரும்புகின்றன. திரும்பும்போது பந்தை உருட்டிவிடுகின்றன. கட்டம் பெரிதாக இருந்தால் இழை நகர இடமிருக்கும், சுழற்சி கூடும், பந்து கொஞ்சம் உயரமான கோணத்தில் கிளம்பும். நெருக்கமாக இருந்தால் இழை அவ்வளவாக நகராது, பந்து தாழ்ந்த கோணத்தில் நேராகப் போகும்.

கோர்ட்டில் இது எப்படித் தெரியும்? பிளேடில் பழகிய கையோடு கிராவிட்டியை எடுத்தேன். முதல் பத்து நிமிடம் வலைக்கு மேலே இருக்கும் வெள்ளைப் பட்டையில் பந்து அடித்துக்கொண்டே இருந்தது. மட்டை மோசம் என்றில்லை. பிளேடு தந்துகொண்டிருந்த உயரத்தை இது தரவில்லை, அதை நான் தர வேண்டியிருந்தது. முழங்காலை இன்னும் மடக்கி, வலைக்கு மேலே ஒரு முழம் கூட்டிக் குறிவைத்ததும் சரியாகிவிட்டது. அதன் பிறகு கிடைத்தது பெரிய பரிசு: நேர்க்கோட்டில் அடித்த பேக்ஹேண்டும் ஸ்லைஸும் (பந்தை அரிவதுபோல் கீழ்நோக்கி அடிப்பது) நினைத்த இடத்திலேயே போய் உட்கார்ந்தன. ஸ்லைஸ் அதிகம் ஆடுபவருக்கும், பந்தைத் தட்டையாக அடிப்பவருக்கும் 18க்கு 20 பிடித்துப்போவதற்கு இதுதான் காரணம். அப்புறம் சின்ன லாபம் ஒன்று உண்டு. நெருக்கமான அமைப்பில் இழை ஒன்றோடொன்று உரசி அறுந்துபோவது குறைவு.

அடுத்தது எடை. 305-க்கும் 315-க்கும் பத்து கிராம்தானே என்று தோன்றும். கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கையில் தூக்கும் எடையும் வீசும்போது உணரும் எடையும் வேறு வேறு. வீட்டில் ஒரு சுத்தியல் இருந்தால் கைப்பிடியைப் பிடித்து வீசிப் பாருங்கள். பிறகு இரும்புப் பக்கத்தைப் பிடித்து வீசிப் பாருங்கள். எடை ஒன்றுதான், கைக்கு வரும் சுமை எவ்வளவு மாறுகிறது! வீசும்போது வரும் அந்தச் சுமைக்குத்தான் ஸ்விங் வெயிட் என்று பெயர்.

பேலன்ஸ் எண் அதற்கு ஒரு குறிப்பு தருகிறது. 27 அங்குல மட்டையின் நடுப்புள்ளி அடியிலிருந்து சுமார் 343 மி.மீ. பிளேடு 320-இல் நிற்கிறது, கிராவிட்டி ப்ரோ 315-இல். இரண்டும் கைப்பிடிப் பக்கம் கனமானவை, கிராவிட்டி இன்னும் கொஞ்சம். அதனால்தான் பத்து கிராம் கூடியிருந்தும் அது தடியை வீசுவதுபோல் இருக்காது. ஆனாலும் அந்தப் பத்து கிராம் எங்கேயும் போய்விடாது. வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது) ஆடும்போது அது உங்கள் பக்கம் நிற்கும்: வேகமாக வரும் பந்துக்கு மட்டை அசையாமல் நிற்கும். இரண்டாம் மணி நேரத்தில் சர்வை எதிர்கொள்ளும்போது எதிராக நிற்கும்: கை ஒரு கணம் தாமதமாக வரும்.

இந்த எண்கள் எல்லாம் ஸ்ட்ரிங் இல்லாத வெறும் ஃபிரேமுக்கு. ஸ்ட்ரிங் சேர்ந்தால் 15 முதல் 18 கிராம் கூடும், மேலே சுற்றும் ஓவர்கிரிப் இன்னொரு ஐந்து கிராம். போதாததற்கு, ஒரே மாடலில் இரண்டு மட்டைகளுக்கு இடையிலேயே ஐந்தாறு கிராம் வித்தியாசம் வருவது சாதாரணம். என்னிடம் இருக்கும் பிளேடும் நண்பருடைய பிளேடும் ஒரே நிறம், ஒரே பதிப்பு. சமையலறைத் தராசில் வைத்தபோது ஏழு கிராம் வித்தியாசம். ஆகவே நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு மட்டையையே எடை போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்கேலின் விளிம்பில் மட்டையைப் படுக்க வைத்து அது சாயாமல் நிற்கும் இடத்தைக் குறித்தால் பேலன்ஸும் கிடைத்துவிடும். இரண்டு நிமிட வேலை.

விறைப்பைச் சொல்ல ஆர்.ஏ. என்று ஒரு எண் உண்டு. பவர் மட்டைகளில் அது 70-ஐ ஒட்டி இருக்கும், இவை இரண்டும் 60-ஐ ஒட்டியவை. முழங்கை வலி உள்ளவர் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கு நடுவில் தேர்ந்தெடுக்க அது உதவாது.

எந்தப் பட்டியலிலும் சரியாக வராத ஒன்று கைப்பிடியின் வடிவம். எல் 2, எல் 3 என்று சுற்றளவை மட்டும் எழுதியிருப்பார்கள். ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் சுற்றளவில் மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஓவர்கிரிப் சுற்றினால் அதில் பாதி வந்துவிடும். வடிவத்தை அப்படி மாற்ற முடியாது. வில்சன் கைப்பிடி கிட்டத்தட்ட சதுரம். ஹெட் கைப்பிடி தட்டையான செவ்வகம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பிடித்துப் பாருங்கள், ஐந்து நொடியில் தெரிந்துவிடும். நான் ஒற்றைக் கையில் பேக்ஹேண்ட் ஆடுபவன், ஃபோர்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்குப் பிடியை மாற்றும்போது கட்டைவிரல் விளிம்பைத் தேடும். ஹெட்டின் அகலமான பக்கத்தில் அது சட்டென்று அகப்பட்டது. வில்சனுக்குப் பழகிய இன்னொருவருக்கு அதே பக்கம் உள்ளங்கையில் பலகைபோல் இருக்கிறது. இதில் சரி, தவறு கிடையாது. ஆனால் பிடி பொருந்தாத மட்டையில் மற்ற எந்த எண்ணும் உங்களைக் காப்பாற்றாது.

நான் செய்த தவறு

நண்பரிடம் கிராவிட்டி ப்ரோவை இரவல் வாங்கினேன். ஒரு கடையிலிருந்து பிளேடு 98 டெமோ மட்டை (ஆடிப் பார்க்கத் தருவது) வந்தது. ஒரே காலையில் இரண்டையும் ஆடிவிட்டு வீட்டுக்கு வந்து முடிவே எழுதிவிட்டேன்: கிராவிட்டி செத்த மட்டை, பந்து கிளம்பவே மாட்டேன் என்கிறது, பிளேடு துள்ளுகிறது, ஆனால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

அடுத்த வாரம் எங்கள் ஸ்ட்ரிங்கர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். ஸ்ட்ரிங் போடுவதை இங்கே பலர் இன்னும் கட்டிங் என்றுதான் சொல்வார்கள். அவர் கிராவிட்டியை வாங்கி, நெடுக்கு இழை இரண்டை விரலால் விலக்கினார். அது விலகிய இடத்திலேயே நின்றது, திரும்பவில்லை. “இது எப்போ கட்டிங் போட்டது தம்பி?” என்றார். நண்பரைக் கேட்டால் ஐந்து மாதம் ஆகிறதாம். அது பாலியெஸ்டர், விறைப்பான இழை. புதிதாக இருக்கும்போது அருமையாக ஆடும், பிறகு அறுந்துபோகாமலேயே உயிர் போய்விடும். டெமோ பிளேடில் இருந்ததோ புத்தம்புது மல்டிஃபிலமெண்ட், மென்மையானது, பந்தைத் துள்ளி அனுப்பும் ரகம். எத்தனை பவுண்ட் டென்ஷனில், அதாவது எவ்வளவு இறுக்கமாக, போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. “நீங்க மட்டையை ஒப்பிடலை, கட்டிங்கைத்தான் ஒப்பிட்டிருக்கீங்க” என்றார்.

இரண்டு மட்டைக்கும் ஒரே ரக பாலியெஸ்டரை, ஒரே நாளில், ஒரே மெஷினில், 50 பவுண்டில் போடச் சொன்னேன். மறுநாள் காலை நான் எழுதி வைத்திருந்த முடிவு கிட்டத்தட்டத் தலைகீழானது. கிராவிட்டியில் பந்து ஸ்ட்ரிங்கில் அமர்ந்து போவதைக் கை உணர்ந்தது. பிளேடு அடங்கியது. துள்ளல் மட்டையுடையது இல்லை, இழையுடையது.

மட்டையை ஒப்பிட நினைக்கும் ஒவ்வொருவரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: இரண்டிலும் ஒரே ஸ்ட்ரிங், ஒரே டென்ஷன், ஒரே வயது இருக்கட்டும். கட்டிங் செலவு கூடுதல்தான். ஆனால் தவறான மட்டைக்குக் கொடுக்கும் பணத்தோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. கடையில் டெமோ எடுக்கிறீர்கள் என்றால் என்ன ஸ்ட்ரிங், எத்தனை பவுண்ட், எப்போது போட்டது என்று மூன்றையும் கேளுங்கள். பதில் தெரியாது என்றால் அந்த டெமோவை வைத்துப் பிடியையும் எடையையும் மட்டும் முடிவு செய்யுங்கள், பந்து போகும் விதத்தை முடிவு செய்யாதீர்கள். சமமாக ஆடிப் பார்த்த பிறகு ஒவ்வொன்றுக்கும் தனியாக டென்ஷனைச் சரிசெய்யலாம். 18க்கு 20 அமைப்பு இயல்பிலேயே கொஞ்சம் விறைப்பாக இருக்கும் என்பதால் இரண்டு மூன்று பவுண்ட் குறைத்துப் போடுபவர்கள் நிறையப் பேர்.

கோர்ட்டில் சோதிப்பது

ஒரு நாள் ஒரு மட்டை, மறுநாள் இன்னொன்று என்று ஆடினால் அன்றைய உடம்பையும் காற்றையும்தான் ஒப்பிடுவீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கூட ஆடுபவர் ஒருவராகவே இருக்கட்டும், பந்தும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.

சர்வீஸ் கோட்டிலிருந்து பேஸ்லைன் வரை 5.49 மீட்டர். அதன் நடுவில், பேஸ்லைனிலிருந்து சுமார் மூன்று அடி வீதம் மூன்று எட்டு நடந்தால் வரும் இடத்தில், பழைய ஓவர்கிரிப் ஒன்றைக் குறுக்கே விரித்துப் போடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். கோர்ட்டின் குறுக்கே கோணலாக இருபது ஃபோர்ஹேண்ட், இருபது பேக்ஹேண்ட். பட்டைக்கு அப்பால் விழுந்தது, பட்டைக்கு முன்னால் விழுந்தது, வெளியே போனது, வலையில் போனது என்று நாலு பத்தி போட்டு ஒரு தாளில் கோடு இழுங்கள். பிறகு சர்வ், வாலி, கடைசியாக சர்வை எதிர்கொள்வது. இந்தக் கடைசிச் சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் நேரத்தில் நீங்கள் அடிக்கும் பந்துக்கு எந்த மட்டையும் நன்றாகத்தான் இருக்கும். அவசரத்தில் அடிக்கும் பந்தில்தான் எடையின் கணக்கு வெளியே வரும்.

தாளைப் பார்க்கும்போது உங்கள் சிறந்த ஷாட்டை மறந்துவிடுங்கள். எந்த மட்டையிலும் அது ஒன்றிரண்டு வரும், அதை நம்பித்தான் பலர் வாங்கிவிடுகிறார்கள். மோசமான ஷாட் எவ்வளவு மோசமாகப் போனது என்று பாருங்கள். நடுவில் படாத பந்து கோட்டை ஒரு அடி தாண்டியதா, ஐந்து அடி தாண்டியதா? கண்ட்ரோல் மட்டையின் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, களைத்த பிறகும் ஒருமுறை சோதியுங்கள். என் தாளில் முதல் மணி நேரம் கிராவிட்டி ப்ரோ தெளிவாக முன்னால் இருந்தது. கோணலாகப் போன பந்துகள் பட்டைக்கு அப்பால் ஒரே இடத்தில் குவிந்தன. கடைசி அரை மணி நேரத்தில் நிலைமை மாறியது. கை தாமதமாக வந்தது, பந்து பக்கத்துக் கோட்டைத் தாண்டத் தொடங்கியது. பிளேடில் அதே அரை மணி நேரத்தில் உயரம் தானாகவே கிடைத்ததால் கால் சோர்ந்தபோதும் பந்து வலையைத் தாண்டி உள்ளே விழுந்தது. நான் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆடுபவன், நாற்பதைத் தாண்டியவன். பிளேடை எடுத்தேன். வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி செய்யும் என் நண்பரின் மகள் அதே சோதனையைச் செய்துவிட்டு கிராவிட்டி ப்ரோவை எடுத்தாள். ஆறு மாதமாக அவள் அடிக்கும் பேக்ஹேண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் எடுத்ததும் சரிதான்.

சிட்சிபாஸ் பிளேடு வைத்து ஆடினார், ஸ்வெரெவ் கிராவிட்டி வைத்து ஆடினார் என்பதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தொழில்முறை ஆட்டக்காரர்களின் மட்டையில் ஈயப் பட்டை ஒட்டி, எடையையும் பேலன்ஸையும் அவரவர் கைக்கு மாற்றியிருப்பார்கள். பல சமயம் மேலே பூசிய வண்ணம் மட்டும்தான் கடையில் இருக்கும் மாடலுடையது.

எதை வாங்கினாலும் முதல் கட்டிங் போட்ட அன்றே ஒரு சின்ன ஸ்டிக்கரில் ஸ்ட்ரிங்கின் பெயர், பவுண்ட், தேதி மூன்றையும் எழுதி, ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் உட்பக்கமாக ஒட்டிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து மட்டை மாறிவிட்டதுபோல் தோன்றும் ஒரு நாள் வரும். அன்றைக்கு அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு ஸ்ட்ரிங்கரிடம் போங்கள்.